டேட்டா எந்த ஊரில் இறங்குகிறது?

தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில் நிற்கும் சுற்றுலாப் பயணிகள் சிலருடைய செல்போனுக்கு, இலங்கைக்கு நல்வரவு கூறும் எஸ்எம்எஸ் வருவதுண்டு. அவர்கள் படகு ஏறவில்லை. பாஸ்போர்ட்கூடக் கையில் இருக்காது. ஆனால் செல்போன் மட்டும் கடல் தாண்டிவிட்டது. தலைமன்னார் பக்கத்து டவரிலிருந்து கிளம்பிய அலை, 30 கிலோமீட்டருக்கும் குறைவான அந்தக் கடலைக் கடந்து வந்து, இந்தப் பக்கத்துச் சிக்னல் மெலிந்திருந்த நேரத்தில் செல்போனைப் பிடித்துக்கொண்டது.

கடல்மேல் ரேடியோ அலைக்குத் தடை குறைவு. கட்டடம் இல்லை, மரம் இல்லை, மேடு இல்லை. 2ஜி தொழில்நுட்பத்தில் ஒரு டவர் சாதாரணமாக 35 கி.மீ. தொலைவு வரை பேச முடியும். அலை போய்வர நேரம் பிடிக்கும் என்பதால், தொலைவில் இருக்கும் செல்போனைச் சற்று முன்கூட்டியே பேசச் சொல்கிறது டவர். எவ்வளவு முன்கூட்டி என்று சொல்ல அதனிடம் 0 முதல் 63 வரை எண்கள் இருக்கின்றன. ஒவ்வோர் எண்ணும் ஏறத்தாழ 550 மீட்டருக்கு ஈடு. பெருக்கினால் 35 கி.மீ. வருகிறது. 4ஜி இன்னும் நீளமாக, 100 கி.மீ. வரை எட்டும்படி வடிவமைக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கடல் இந்த இரண்டு கணக்குக்குள்ளும் அடங்கிவிடுகிறது.

செல்போனுக்கு எல்லைக்கோடு தெரியாது. டவர் அறிவிக்கும் ஓர் எண்ணும், சிம்முக்குள் இருக்கும் ஓர் எண்ணும்தான் அதற்குத் தெரியும். வெளிநாட்டில் நமக்கு டேட்டா கிடைப்பதும், கிடைக்காமல் போவதும், சில நேரம் கைமீறிப் பில் வருவதும் இந்த இரண்டு எண்களில் இருந்துதான் தொடங்குகின்றன.

சிம் சொல்லும் சாட்சி

ஒவ்வொரு டவரும் தன் அடையாளத்தை ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டுக்கு உரியவை. இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, சிங்கப்பூருக்கு 525, மலேசியாவுக்கு 502, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 424. அடுத்த இலக்கங்கள் நிறுவனத்துக்கு உரியவை. சிம்முக்குள்ளும் இதே முறையில் தொடங்கும் 15 இலக்க எண் ஒன்று உண்டு. நண்பர்களுக்குக் கொடுக்கும் பத்து இலக்க எண் வேறு, இது வேறு. நெட்வொர்க் நம்மை அறிவது இந்தப் பதினைந்தைக் கொண்டுதான்.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ளைட் மோடை அணைக்கிறோம். செல்போன் சுற்றிலும் காது கொடுக்கிறது. எங்கும் 525. சொந்த நிறுவனத்தின் டவர் ஒன்றும் இல்லை. சிம்மில் பதிந்திருக்கும் கூட்டாளி நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்து, அவற்றில் ஒன்றிடம் தன் 15 இலக்க எண்ணைக் கொடுக்கிறது. 404 என்று கண்டதும் அந்த நிறுவனத்துக்கு இது இந்திய எண் என்று தெரிந்துவிடும். உடனே இந்தியாவில் உள்ள உரிய நிறுவனத்தின் கணினியைக் கேட்கிறது: இவர் உங்கள் வாடிக்கையாளர்தானா, இவரைச் சேர்த்துக்கொள்ளலாமா?

அடுத்து நடப்பது அழகான ஒரு கணித வேலை. சிம்முக்குள் 128 பிட் நீளமுள்ள ரகசிய எண் ஒன்று பூட்டப்பட்டிருக்கிறது. அதன் ஒரே நகல் இந்திய நிறுவனத்திடம் இருக்கிறது. சிம்மை விட்டு அந்த எண் ஒருபோதும் வெளியே வராது. சிங்கப்பூர் நிறுவனத்துக்கும் அதைச் சொல்ல முடியாது. அப்படியானால் ஆளை எப்படிச் சரிபார்ப்பது? இந்திய நிறுவனம் ஏதோ ஒரு எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்து, அதை ரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, கேள்வியையும் விடையையும் சிங்கப்பூருக்கு அனுப்புகிறது. சிங்கப்பூர் நிறுவனம் கேள்வியை மட்டும் செல்போனுக்குக் கொடுக்கிறது. சிம் தனக்குள் அதே கணக்கைப் போட்டு விடை சொல்கிறது. இரண்டு விடையும் ஒன்றானால் கதவு திறக்கிறது. ரகசியத்தை அறியாமலேயே, ரகசியம் வாடிக்கையாளரிடம் இருக்கிறது என்று மூன்றாவது ஆள் உறுதி செய்துகொள்கிறார். 3ஜி முதல் சிம்மும் பதிலுக்கு நெட்வொர்க்கைச் சோதிக்கிறது. 2ஜியில் அந்தச் சோதனை கிடையாது. போலி டவர் வைத்து ஏமாற்றுவது அதில் எளிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

சில நொடிகளில் இவ்வளவும் முடிந்து, 'இந்த வாடிக்கையாளர் இப்போது சிங்கப்பூரில்' என்று இந்தியக் கணினியில் பதிவாகிறது. நமக்கு வரும் வரவேற்பு எஸ்எம்எஸ், பேக் விலைப் பட்டியல் எல்லாம் அந்தப் பதிவைத் தொடர்ந்து வருபவை.

ரோமிங் எனப்படும் இந்த ஏற்பாடு ஐரோப்பாவில் பிறந்தது. அடுத்தடுத்த நாடுகளில் ஆளுக்கொரு விதமான செல்போன் முறை இருந்த காலத்தில், பொதுவான ஒரு முறைக்காக 13 நாடுகளின் நிறுவனங்கள் 1987 செப்டம்பரில் கோபன்ஹேகனில் கையெழுத்திட்டன. 1991-இல் ஃபின்லாந்தில், ஜிஎஸ்எம் என்ற அந்தப் பொது முறையில் முதல் அழைப்பு போனது. 1992-இல் ஃபின்லாந்தின் டெலிகாம் ஃபின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. கருவி வேறு, ஆளின் அடையாளம் வேறு என்று பிரித்து, அடையாளத்தைச் சிம் என்ற தனி அட்டையில் வைத்ததுதான் அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் செய்த பெரிய காரியம்.

உறைக்குள் உறை

அனுமதி கிடைத்துவிட்டது. இனி சிங்கப்பூர் டவர் நேராக இணையத்துக்கு வழிவிடும் என்றே பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது செல்போனிலிருந்து கிளம்பும் டேட்டா பொட்டலத்தைச் சிங்கப்பூர் நிறுவனம் பிரித்துப் பார்த்து வழிகாட்டுவதில்லை. முகவரி எழுதிய கடிதத்தை அப்படியே இன்னொரு பெரிய உறைக்குள் போட்டு, மேலே தலைமை அலுவலக முகவரியை எழுதி அனுப்புவதுபோல, அதை இந்தியாவில் உள்ள நமது நிறுவனத்தின் நுழைவாயிலுக்கு அனுப்பிவிடுகிறது. அங்கேதான் வெளி உறை கிழிக்கப்படுகிறது. அங்கேதான் டேட்டா இணையத்தில் இறங்குகிறது. பதிலும் அதே வழியில், இன்னொரு உறைக்குள் திரும்பி வருகிறது. செல் நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் தனி வலையமைப்பு வழியாக இந்தச் சுரங்கப்பாதை ஓடுகிறது. நமது செல்போனுக்குக் கிடைக்கும் ஐபி முகவரியும் இந்திய நிறுவனம் கொடுத்ததே.

இதனால் ஏற்படும் தாமதத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடும். 2002-இல் இயங்கத் தொடங்கிய, சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைக்கும் 'ஐ2ஐ' கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. ஒரு முறை கடக்க 16 மில்லிநொடி. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு, சிங்கப்பூரிலேயே உள்ள ஓர் உணவகத்தின் இணையதளத்தைத் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வருகிறது. சென்னையில் இறங்கிச் சிங்கப்பூருக்குப் போகிறது. பதில் சென்னைக்கு வந்து, மறுபடி சிங்கப்பூருக்குப் போகிறது. நான்கு முறை கடல் தாண்டினால் 64 மில்லிநொடி. அந்த உணவகம் நடந்து போகும் தொலைவில் இருக்கலாம். நுழைவாயில் சென்னையில் இல்லாமல் மும்பையில் இருந்தால் கணக்கு இன்னும் கூடும்.

64 மில்லிநொடி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பக்கம் திறக்க ஒரு போய்வரல் போதாது. முகவரியைத் தேட ஒன்று, தொடர்பு ஏற்படுத்த ஒன்று, ரகசியக் குறியாக்கத்துக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று என்று ஏறத்தாழ நான்கு. நியூயார்க்கில் இருந்து மும்பை வழியாக இதையே செய்தால், நேர்கோட்டுத் தொலைவே 12,500 கி.மீ.; நான்கு முறை கடந்தால் ஒரு போய்வரலுக்கு 250 மில்லிநொடி; நான்கு போய்வரலுக்கு ஏறத்தாழ ஒரு நொடி. அதுவரை திரையில் ஒரு எழுத்தும் வந்திருக்காது. சிக்னல் கம்பிகள் முழுதாக இருந்தும் நெட் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம் பலமுறை இந்தத் தொலைவுதான்.

ஏன் இப்படிச் சுற்றிவிட வேண்டும்? பணம் முதல் காரணம். பிரீபெய்டு கணக்கில் எவ்வளவு மிச்சம், பேக் தீர்ந்ததா என்பதைச் சொந்த நிறுவனம் நொடிக்கு நொடி அறிய வேண்டும். டேட்டா தன் வாசல் வழியே போனால்தான் அது எளிது. சட்டம் இரண்டாவது காரணம். தன் வாடிக்கையாளருக்குத் தன் நாட்டு விதிகளைப் பொருத்தும் பொறுப்பு அதற்கு உண்டு. வருகை தந்த நாட்டிலேயே டேட்டாவை இறக்கிவிடும் வழியையும் தொழில்நுட்ப விதிமுறைகள் வைத்திருக்கின்றன. ஆனால் நிறுவனங்கள் அதை அரிதாகவே பயன்படுத்துகின்றன.

எந்த நாட்டு இணையம்?

சீனாவுக்குப் போகும் வணிகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அங்கே ஹோட்டல் வைஃபையில் கூகுள் திறக்காது. அதே அறையில் இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் கூகுள் திறக்கும். உறைக்குள் உறையாகப் போகும் டேட்டா சீன இணையத்தில் இறங்குவதே இல்லை; இந்தியாவுக்கு வந்த பிறகே பிரிக்கப்படுகிறது. இதன் மறுபக்கமும் உண்மை. 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட டிக்டாக், இந்திய சிம்மோடு வெளிநாடு போனவருக்கும் திறப்பதில்லை. உடல் ஒரு நாட்டில் இருக்க, இணையம் இன்னொரு நாட்டில் இருக்கிறது.

இதில் நன்மையும் உண்டு. இந்திய வங்கிச் செயலிக்கு நமது டேட்டா இந்தியாவிலிருந்து வருவதாகவே தெரியும்; புதிய நாட்டு முகவரியைக் கண்டு சந்தேகப்பட்டுக் கணக்கைப் பூட்டும் வாய்ப்புக் குறைவு.

ஓடிபி வரும் தனிப்பாதை

பயணத்தில் பலரையும் தவிக்க வைப்பது ஓடிபிதான். ஆன்லைனில் கார்டு பயன்படுத்தினால் ஓடிபி, பணம் அனுப்பினால் ஓடிபி. 'டேட்டா ரோமிங்கை அணைத்தால் ஓடிபி வராதே' என்று பயந்து, அதைத் திறந்து வைத்துவிட்டுப் பெரிய பில்லோடு ஊர் திரும்புகிறார்கள்.

எஸ்எம்எஸ் டேட்டாவில் வருவதில்லை. செல்போனும் டவரும் தங்கள் இருப்பைப் பரிமாறிக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பாதையில் அது வருகிறது. ஆகவே டேட்டா ரோமிங் பொத்தான் அணைந்திருந்தாலும், சிம் வெளிநாட்டு டவரில் பதிவாகியிருந்தால் ஓடிபி வந்து சேரும். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். 'சர்வதேச ரோமிங்' என்பது, வெளிநாட்டு நிறுவனம் கேட்கும்போது 'ஆம், சேர்த்துக்கொள்' என்று நமது நிறுவனம் சொல்வதற்கான அனுமதி. அதைப் புறப்படும் முன்பே இயக்கி வைக்க வேண்டும். வெளிநாட்டில் இறங்கிய பிறகு அதற்கு அலைவது கடினம். 'டேட்டா ரோமிங்' என்பது செல்போன் அமைப்பில் உள்ள பொத்தான். முன்னது திறந்திருக்கட்டும், பின்னது மூடியிருக்கட்டும். உள்ளே வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. உள்ளே வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. இரண்டையும் உங்கள் நிறுவனத்திடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அம்மா அப்பாவை அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ பேரக்குழந்தையைப் பார்க்க அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் 2017-லேயே 2ஜியை மூடிவிட்டது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-இல் 3ஜியை மூடின. ஆஸ்திரேலியா 2024-இல் மூடியது. 4ஜி வழியே பேசும் வசதி இல்லாத பழைய பட்டன் போன் அங்கே வெறும் கடிகாரம்தான். அந்த நாட்டு அலைவரிசைகளை உங்கள் கருவி பிடிக்குமா என்பதும் அதன் விவரப் பட்டியலில் இருக்கும். ஊரில் நன்றாக ஓடும் போன் எல்லா நாட்டிலும் ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விலை எங்கிருந்து வந்தது?

ரோமிங் ஏன் இவ்வளவு விலை? கடலும் தூரமும்தான் காரணம் என்று தோன்றும். ஐரோப்பா கற்றுத்தந்த பாடம் வேறு.

நாம் பயன்படுத்திய ஒவ்வொரு துளியையும் வெளிநாட்டு நிறுவனம் ஒரு பொது வடிவக் கோப்பில் எழுதி, நமது நிறுவனத்துக்குப் பில் போடுகிறது. இரண்டு நிறுவனங்களும் பேசி முடிவு செய்த மொத்த விலை அது. அதன்மேல் தன் பங்கை வைத்து நமது நிறுவனம் நம்மிடம் வாங்குகிறது. வாடிக்கையாளருக்கு இந்தப் பேரத்தில் இடமில்லை. வெளிநாட்டில் இறங்கியவருக்கு அந்த நேரத்தில் வேறு வழியும் இல்லை. அதனால் விலை பல ஆண்டுகள் இறங்கவே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் கை வைத்தது. 2012 ஜூலையில், வரி தவிர்த்து ஒரு மெகாபைட்டுக்கு 70 சென்ட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது. ஒரு ஜிபிக்கு 700 யூரோவுக்கு மேல்! அதுவே அன்று நிவாரணமாக இருந்தது. 2017 ஜூன் 15 முதல், ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் உள்ளூர்க் கட்டணமே போதும் என்று விதி வந்தது. நிறுவனங்களுக்குள் வாங்கும் மொத்த விலைக்கான வரம்பும் படிப்படியாக இறக்கப்பட்டது. 2017-இல் ஒரு ஜிபிக்கு 7.70 யூரோ, 2022 தொடக்கத்தில் 2.50, 2025-இல் 1.30, 2027-இல் 1 யூரோ.

இந்த ஆண்டுகளில் ஐரோப்பாவின் நாடுகள் ஒன்றையொன்று நெருங்கிவிடவில்லை. ஒளியின் வேகமும் கூடவில்லை. கருவிகள் மேம்பட்டு டேட்டா மலிந்தது உண்மை. ஆனால் 700 யூரோவிலிருந்து உள்ளூர் விலைக்கு இறங்கியதற்கு அது மட்டும் போதாது. சட்டம் மாறியதால் விலை மாறியது. ரோமிங் கட்டணத்தில் பெரும்பகுதி மனிதர்கள் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மற்ற நாடுகளின் ஒழுங்குமுறை ஆணையங்களும் தங்களுக்குள் பேசினால் இதைச் செய்ய முடியும். வளைகுடாவிலும் மலேசியாவிலும் உழைத்துக் குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிறவர்களுக்கு இது சொகுசுப் பிரச்சினை இல்லை.

இ-சிம் மாற்றியது என்ன?

இ-சிம் என்பது செல்போனுக்குள்ளேயே பொருத்தப்பட்ட சிப். பிளாஸ்டிக் அட்டைக்குப் பதிலாக, நிறுவனத்தின் 15 இலக்க எண்ணும் ரகசிய எண்ணும் அடங்கிய ஒரு கோப்பு இணையம் வழியே அதில் இறங்குகிறது. நாம் ஸ்கேன் செய்யும் கியூஆர் குறியில் ரகசியம் எதுவும் இல்லை. எந்தச் சர்வரிடம் போக வேண்டும், என்ன டோக்கன் காட்ட வேண்டும் என்பது மட்டுமே இருக்கிறது. சிப்பும் சர்வரும் டிஜிட்டல் சான்றிதழ் காட்டி ஒன்றையொன்று நம்பிய பிறகே, பூட்டிய நிலையில் கோப்பு வந்து சேர்கிறது. ஒரே சிப்பில் பல கோப்புகளை வைத்து, வேண்டியதை இயக்கலாம். இந்திய சிம் ஓடிபிக்கு, இ-சிம் டேட்டாவுக்கு என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடிவது பயணிக்குக் கிடைத்த பெரிய வரம்.

ஆனால் 'ஜப்பானுக்கான இ-சிம்' என்று செயலியில் வாங்கும் எல்லாமே ஜப்பானிய சிம் ஆகிவிடாது. அவற்றில் பல, மூன்றாவது ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்தின் எண்ணைத் தாங்கி, ஜப்பானில் ரோமிங்கில் ஓடுகின்றன. அதே சுரங்கப்பாதை, அதே உறை. டோக்கியோவில் நிற்கிறவரின் டேட்டா ஹாங்காங்கிலோ சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ இறங்கலாம். திரை மேலே 'ஆர்' என்ற ரோமிங் குறி தெரிந்தால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். 'என் ஐபி முகவரி என்ன' என்று தேடிப் பார்த்தால் எந்த நாடு என்பதும் தெரிந்துவிடும். நாம் போகாத நாட்டின் மொழியில் விளம்பரம் வருவதும், வங்கிச் செயலி திடீரென்று மறுப்பதும், வீடியோ அழைப்பு அறுபடுவதும் இதனால் நேரலாம். மலிவாக இருக்கிறது என்பதோடு, டேட்டா எந்த நாட்டில் இறங்குகிறது, எந்த நெட்வொர்க்கின் டவர், ஹாட்ஸ்பாட் போடலாமா, பேசுவதற்கு எண் உண்டா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். பயண இ-சிம்களில் பல டேட்டா மட்டுமே தருபவை.

யாருக்கு எது?

நான்கைந்து நாள் வேலையாகப் போகிறவர், அலுவலக மெயிலும் வங்கியும் மட்டும் தடையின்றி ஓட வேண்டும் என்றால், சொந்த நிறுவனத்தின் ரோமிங் பேக் போதும். அவருடைய வேலை எல்லாம் இந்திய சர்வர்களோடுதான் என்றால் சுற்றுப்பாதை அவருக்கு நட்டமே இல்லை. எப்படியும் டேட்டா இந்தியாவுக்கு வந்தாக வேண்டும்.

இரண்டு மூன்று நாடுகளைச் சுற்றிப் பார்க்கிறவருக்கு இ-சிம் ஏற்றது. இந்திய சிம் டேட்டா அணைந்த நிலையில் ஓடிபிக்காக உள்ளே இருக்கட்டும். புறப்படும் முன் வீட்டு வைஃபையிலேயே இ-சிம்மையும் அந்த ஊர் வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்க டேட்டா தேவையில்லை. வரைபடம் கையில் இருந்தால் நெட் இல்லாமலும் வழி தெரியும். புகைப்படங்கள் தானாக மேலேறுவதையும் செயலிகள் தானாகப் புதுப்பிக்கப்படுவதையும் வைஃபைக்கு மட்டும் என்று மாற்றி வையுங்கள். நாம் தூங்கும்போது பேக்கைத் தின்பவை இவைதான்.

மாதக்கணக்கில் தங்குகிறவர், படிக்கப் போகிற மாணவர், வேலைக்குப் போகிறவர் ஆகியோருக்கு அந்த நாட்டு சிம்மே சரி. பாஸ்போர்ட் காட்டி வாங்க வேண்டியிருக்கும். ஆனால் டேட்டா அந்த ஊரிலேயே இறங்கும், வேகம் கிடைக்கும், உள்ளூர்ச் செயலிகளில் பதிவு செய்ய உள்ளூர் எண்ணும் கிடைக்கும். ஊர் சிம்மை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வங்கி, ஆதார், வருமான வரி என்று எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் சாவி. அதன் காலக்கெடு முடியாமல் ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருப்பது, வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் மறக்காமல் செய்ய வேண்டிய வேலை.